ஒப்பீட்டு மண்

சாம்பசிவத்தின் குடும்பத்தில் ஒருவர்கூட அந்த வயலில் இறங்கியதில்லை என்று கருவி சொன்னது.

மரகதவல்லி கருவியை அணைத்தாள். குழாயிலிருந்த மண்ணைக் கொட்டிவிட்டு, இன்னொரு பையைப் பிரித்து வேறு மண் எடுத்துப் போட்டாள். நாற்பது நிமிடம் காத்திருந்தாள். அதே விடை வந்தது. மூன்றாவது பையையும் பிரித்துப் போட்டாள். மூன்றாவது விடையும் மாறவில்லை.

நத்தவயல் பள்ளிக்கூடத்தின் கணினி அறைதான் பத்து நாட்களாக அவளுடைய ஆய்வுக்கூடம். ஜன்னல் வழியே பார்த்தால் அந்த வயல் தெரியும். முப்பத்தைந்து ஏக்கர், பால் பிடித்த கதிரோடு காற்றில் சாய்ந்து நிமிர்ந்துகொண்டிருந்தது. ஐந்து தலைமுறையாகச் சாம்பசிவத்தின் வீட்டுப் பட்டா நிலம். அதில் யாருக்கும் எந்தச் சந்தேகமும் இல்லை. வழக்கும் அந்த நிலத்தைப் பற்றியது அல்ல.

வழக்கு நடுப்பத்தைப் பற்றியது. நத்தவயலுக்கும் ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த ஓடக்கரைக்கும் நடுவில் கிடந்த எண்பத்து நான்கு ஏக்கர். பழைய கணக்கில் அரசுத் தரிசு. எங்கள் பாட்டன் திருத்திய நிலம் என்று இரண்டு ஊரும் சொன்னது. போன வருடம் நடந்த கைகலப்பில் ஓடக்கரைக்காரர் ஒருவருக்கு ஒரு கண் போனது. நத்தவயலில் நான்கு வைக்கோல் போர் எரிந்தது. அதன் பிறகுதான் நிலத் தீர்வாணையம் மரகதவல்லியைக் கருவியோடு அனுப்பிவைத்தது. நூறு வருடத்தில் எந்த ஊர்க்காரர்களின் உழைப்பு அந்த மண்ணில் அதிகம் பதிந்திருக்கிறதோ, நிலம் அந்த ஊருக்கு. புதுச் சட்டம் அப்படித்தான் சொன்னது.

முதல் நாள் பள்ளி மைதானத்தில் இரண்டு ஊரையும் உட்காரவைத்து அவள் விளக்கியிருந்தாள்.

“வயல்ல எறங்கி வேலை செய்யுறப்ப வேர்வை சொட்டுது. உள்ளங்கால் தோல் உரியுது. முடி விழுது, அறுவா பட்டு ரத்தம் வருது. அதுல எல்லாம் நம்ம உடம்போட அடையாளம் இருக்கு. மக்கிப் போனாலும் துணுக்குத் துணுக்கா களிமண்ணுல ஒட்டிக்கிட்டே இருக்கும். இந்தக் கம்பிய மூணடி ஆழத்துக்கு எறக்கி மண்ணு எடுப்போம். கருவி அந்தத் துணுக்குகளக் கோத்துப் படிச்சு, உங்க எச்சில்ல இருக்குற அடையாளத்தோட ஒத்துப் பாக்கும். எந்தக் குடும்பம், ஏறக்குறைய எந்தக் காலம்னு சொல்லிடும்.”

ஓடக்கரைப் பக்கத்திலிருந்து ஒரு பெண் எழுந்தாள். செங்கமலம். அறுபத்திரண்டு வயது. இரண்டாவது முறையாக வார்டு உறுப்பினராக இருந்தாள். ஓடக்கரை சார்பில் வழக்குப் போட்டவளும் அவள்தான்.

“ஒரு சந்தேகங்க. பொறப்ப வச்சித்தான் எங்கள ஓடைக்கு அந்தாண்ட தள்ளுனாங்க. இப்ப நீங்களும் எந்தப் பொறப்புன்னு பாத்துத்தான் நெலம் குடுப்பீங்களா?”

 “பொறப்பப் பாக்கலம்மா, உழைப்பப் பாக்குறோம்” என்று மரகதவல்லி சொல்லிப் பார்த்தாள். அவளுக்கே அது பாதிதான் உண்மை என்று பட்டது.

“பொறப்பு வழியாத்தான உழைப்பப் பாக்குறீங்க” என்றாள் செங்கமலம்.  “சரி. இந்த எச்சில வேற எதுக்கும் எங்களக் கேக்காம எடுக்கக் கூடாது. அத எழுதிக் குடுங்க.”

மரகதவல்லி எழுதிக் கொடுத்தாள். அதை இரண்டு முறை படித்துவிட்டுத்தான் செங்கமலம் எச்சில் கொடுக்க வாயைத் திறந்தாள்.

கருவி சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க, உரிமை பற்றிச் சந்தேகமே இல்லாத ஒரு நிலத்து மண்ணையும் கூடவே ஆராய வேண்டும் என்பது விதி. அதற்கு ஒப்பீட்டு மண் என்று பெயர். சாம்பசிவம் தானாகவே முன்வந்தார். அறுபத்தாறு வயது, மெலிந்த உடம்பு, யாரிடமும் குரல் உயர்த்தாத மனிதர். “எதுக்கும்மா வெளில தேடறீங்க? நம்ம வயல்லயே எடுத்துக்கங்க. எங்க தாத்தாவுக்குத் தாத்தா காலத்துலேருந்து எங்ககிட்ட இருக்கு” என்றார். கம்பி இறங்கிய இடத்திலெல்லாம் கூடவே வந்து வரப்பில் நின்று பார்த்தார்.

அந்த மண்தான் இப்போது மூன்றாவது முறையாக அவரைத் தெரியாது என்கிறது. ஓடக்கரையின் நாற்பத்தொரு குடும்பங்களும் அதில் இருந்தன. செங்கமலத்தின் அம்மா இருந்தாள், அம்மாவின் அப்பா இருந்தார். நூறு வருடத்துக்கும் கீழே, கம்பி எட்டிய கடைசி அங்குலம் வரை அவர்கள்தான் இருந்தார்கள். சாம்பசிவத்தின் பண்ணை வீட்டிலிருந்து ஒரு முடிகூட இல்லை.

அவள் சென்னைக்குப் பேசினாள். ஆணையத்தின் இணை இயக்குநர் ரகோத்தமன் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

“அந்த ஒப்பீட்டு விடைய ரிப்போர்ட்ல போடாதீங்க மரகதம்.”

“போட்டே ஆகணும்னு விதி இருக்கு சார். ரெண்டு தரப்புக்கும் படிச்சுக் காட்டணும்னும் இருக்கு.”

“கருவி வேலை செய்யுதான்னு பாக்கத்தான அது? வேலை செய்யுது. அதோட விடுங்க. அது என்ன சொல்லுதுன்னு ஊருக்கு எதுக்கு?”

“சார், அது சொல்றது தப்பு இல்ல. மூணு தடவ பாத்துட்டேன்.”

“தப்புன்னு நான் சொன்னேனா?” அவர் குரல் தாழ்ந்தது. “இந்தச் சட்டம் எழுதுனப்ப நிலத்துக்குச் சொந்தக்காரன்னா அந்த நிலத்துல இறங்கியிருப்பான்னு நெனச்சுக்கிட்டோம். நாங்க பத்துப் பேரு ரூம்ல உக்காந்து எழுதுனோம். ஒருத்தனுக்கும் இது தோணல. இது வெளிய போனா நாளைக்கு ஒவ்வொரு ஊர்லயும் பட்டா நிலத்துல கம்பிய எறக்கச் சொல்லுவாங்க. எத்தன பட்டா நிக்கும்னு நெனைக்கிறீங்க?”

மரகதவல்லி அந்தக் கேள்வியை அதுவரை யோசித்திருக்கவில்லை.   திருச்சியில் அவள் அப்பாவுக்கும் நாலு ஏக்கர் இருந்தது. அவர் வங்கியில் வேலை பார்த்தவர்.

மறுநாள் காலை பத்து மணிக்கு மைதானத்தில் இரண்டு ஊரும் கூடியது. தாசில்தாரும் காவல் ஆய்வாளரும் மேசைக்குப் பக்கத்தில் அமர்ந்திருந்தார்கள். நடுப்பத்தின் விடையை மட்டும் படித்துவிட்டுக் கிளம்பிவிடலாம் என்ற நினைப்பு அவளுக்குக் கடைசி நிமிடம் வரை இருந்தது. ஒப்பீட்டு மண்ணின் தாள் அடியில், மடித்த நிலையில் கிடந்தது.

“நடுப்பத்து. நூறு பங்கில் ஓடக்கரை தொண்ணூற்றொன்று, நத்தவயல் மூன்று. மீதி ஆறு யாருடையது என்று அறிய முடியவில்லை.”

நத்தவயல் பக்கம் கூச்சல் எழுந்தது. நாற்காலிகள் சாய்ந்தன. சாம்பசிவத்தின் மகன் கோகுல் முன்னால் வந்து மேசையைத் தட்டினான். விவசாயம் படித்தவன், முப்பத்தைந்து வயது. ஊரில் அப்பாவை விட அவன் பேச்சுக்குத்தான் மதிப்பு அதிகம்.

“இது என்ன மெஷினு? எங்க வயல்ல ஒப்பீட்டு மண்ணு எடுத்தீங்கள்ல? அதப் படிங்க. அதுல தெரிஞ்சிடும் இது எவ்ளோ லட்சணம்னு!”

“படிங்க, படிங்க” என்று பின்னால் எல்லோரும் கத்தினார்கள்.

மரகதவல்லி சாம்பசிவத்தைப் பார்த்தாள். அவர் முதல் வரிசையில் நிம்மதியாகக் கைகட்டி உட்கார்ந்திருந்தார். அவள் தாளைப் பிரித்தாள்.

“ஒப்பீட்டு மண். பட்டாதாரர் சாம்பசிவம். நூறு பங்கில் ஓடக்கரை நூறு.”

கோகுலுக்குப் புரியவில்லை. “நத்தவயலு எவ்ளோன்னு படிங்க.”

“நத்தவயல் இல்லைங்க.”

“எங்க குடும்பம்?”

“இல்லைங்க.”

கூச்சல் ஒரேயடியாக அடங்கியது. மைதானத்தின் ஓரத்தில் கட்டியிருந்த ஆடு கத்தியது அவ்வளவு பேருக்கும் கேட்டது. சாம்பசிவம் எழுந்து மேசை அருகே வந்தார். தாளை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டுப் படித்தார்.

“நான் தெனம் வயலுக்குப் போறவம்மா” என்றார். அது கோபமாக இல்லை. வழி தெரியாமல் நிற்பவர் கேட்பதுபோல இருந்தது. “பொறந்ததுலேருந்து காலைலயும் சாயங்காலமும் போய்ப் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்.”

“வரப்புல நின்னு பாத்தீங்கய்யா” என்றாள் மரகதவல்லி. அதை எப்படிச் சொன்னாலும் கொடுமையாகத்தான் இருக்கும். “செருப்புப் போட்டுக்கிட்டு. பாத்தது மண்ணுல பதியாது.”

அவர் குனிந்து தன் கால்களைப் பார்த்தார். பிறகு தாளை மேசைமேல் வைத்துவிட்டு, கூட்டத்தை விலக்கிக்கொண்டு வீட்டை நோக்கி நடந்தார். யாரும் அவரைக் கூப்பிடவில்லை.

ஓடக்கரைக்காரர்கள் கைதட்டுவார்கள் என்று மரகதவல்லி நினைத்திருந்தாள். ஒருவரும் அசையவில்லை. செங்கமலம் நேராக அவளிடம் வந்தாள்.

“நாங்க நடுப்பத்த மட்டுந்தானம்மா கேட்டோம். இத ஏன் படிச்சீங்க?”

“உண்மையம்மா அது.”

“எங்களுக்குத் தெரியாத உண்மையா? நாத்து நட்டது நாங்கன்னு எங்களுக்கு மெஷினு வந்தா சொல்லணும்? நாங்களும் தெரிஞ்சிக்கிட்டு, அவங்களும் தெரிஞ்சிக்கிட்டு, ஒருத்தருக்கொருத்தர் சொல்லாம இருந்தோம். இப்ப சொல்லியாச்சு. நீங்க சாயங்காலம் வண்டி ஏறிடுவீங்க. எங்கள இவங்க உசுரோட விடுவாங்களா?”

அன்று மாலை மரகதவல்லி வண்டி ஏறத்தான் செய்தாள். உடனே திரும்பி வரும்படி உத்தரவு வந்திருந்தது. ஓடக்கரைக்குப் போலீஸ் காவல் போட்டிருப்பதாகச் சொன்னார்கள். கருவியைப் பூட்டி வைத்தார்கள். அதற்குள் அந்தத் தாளின் படம் செல்போன்களில் மாவட்டம் மாவட்டமாகப் போய்க்கொண்டிருந்தது.

ஒன்பதாம் நாள் காலை செங்கமலம் போனில் பேசினாள். பின்னால் இயந்திரங்களின் இரைச்சல் கேட்டது.

“மண்ண அள்ளுறாங்கம்மா.”

“யாரு மண்ண?”

“அவங்க மண்ணத்தான். அவங்களே அள்ளுறாங்க. நீங்க வந்து பாருங்க, எனக்குச் சொல்லத் தெரியல.”

மதியம் மரகதவல்லி போய்ச் சேர்ந்தபோது முதலில் அது எந்த இடம் என்றே தெரியவில்லை. பத்து நாட்களாக ஜன்னல் வழியே பார்த்த வயலைக் காணோம். ஆறு பொக்லைன்கள் வரிசையாக நின்று, பால் பிடித்த கதிரோடு சேர்த்து நிலத்தைத் தோண்டி எடுத்துக்கொண்டிருந்தன. லாரிகள் அதை எங்கோ கொண்டுபோய்க் கொட்டிவிட்டுத் திரும்பி வந்தன. முப்பத்தைந்து ஏக்கரில் பாதி, மார்பளவுப் பள்ளமாக இறங்கி, அடியில் மஞ்சளாக ஓடு போன்ற இறுகிய நிலம் தெரிந்தது. இனி அதில் புல்கூட முளைக்க ஒரு தலைமுறை ஆகும்.

போலீஸ் கயிறு கட்டியிருந்த இடத்தில் ஓடக்கரையின் எல்லா வீடுகளும் வந்து நின்றிருந்தன. கை முறிந்தவர்களைப் போல வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெண்களில் சிலர் வாயைப் பொத்தி அழுதார்கள். அவர்கள் நட்ட பயிர்.

மரகதவல்லி கயிற்றைத் தாண்டி கோகுலிடம் போனாள்.

“நெல்லோட தோண்டுறீங்களே, உங்களுக்கு என்ன ஆச்சு?”

“எங்க பட்டா நெலம். எங்க மண்ணு. அள்ளுறதுக்குச் சட்டத்துல தடை இருந்தா காட்டுங்க.” அவன் கண்கள் சிவந்திருந்தன. தூங்கிப் பல நாள் ஆனவன் போலிருந்தான். “உங்க கம்பி எவ்ளோ ஆழம் எறங்கும்? மூணடி. நாங்க நாலடிக்கு எடுக்குறோம். இனிமே வந்து எறக்கிப் பாருங்க.”

“இதுக்கு அப்பறம் இதுல என்ன வெளையும்?”

“வெளையாட்டிப் போவுது. எங்க பேர்ல இருக்கும்ல?”

அவர்கள் மட்டும் இல்லை என்பது பின்னால் தெரிந்தது. அந்த ஒரு வாரத்தில் சுற்றுவட்டாரத்தில் இன்னும் பதினேழு ஊர்களில் பொக்லைன்கள் இறங்கியிருந்தன. தன் வயலைத் தானே கொல்லும் மனிதர்களை அவள் கற்பனைகூடச் செய்ததில்லை. வரப்பு இருந்த இடத்தில் சாம்பசிவம் நின்றுகொண்டிருந்தார். மகனைத் தடுக்கவும் இல்லை, உதவவும் இல்லை.

மூன்று மணிக்கு வடமேற்கு மூலையில் ஒரு பொக்லைன் நின்றது. ஓட்டுநர் கீழே குதித்து, இயந்திரக் கையின் வாளியில் எட்டிப் பார்த்தார். அப்படியே பின்வாங்கி, மேட்டை நோக்கி ஓடி வந்தார்.

“எலும்பு சார். ஆளு எலும்பு. நெறைய.”

கோகுல் “மாட்டெலும்பா இருக்கும், ஓட்டு” என்றான். ஓட்டுநர் ஏறவில்லை. ஆய்வாளர் இறங்கிப் போனார், மரகதவல்லியும் போனாள். வாளியின் பற்களுக்கு நடுவே ஒரு மண்டையோடு மாட்டியிருந்தது. கீழே பள்ளத்தின் சுவரில், நாலடி ஆழத்தில், கால் எலும்புகள் விறகு அடுக்கியதுபோல ஒன்றின்மேல் ஒன்றாகத் தெரிந்தன. மரகதவல்லி அதே வயலில் பன்னிரண்டு இடத்தில் கம்பி இறக்கியிருந்தாள். இதற்கு ஓரடி மேலேயே அவள் நின்றுவிட்டிருந்தாள்.

மேட்டின் மேலிருந்து ஓடக்கரைக்காரர்கள் கயிற்றைத் தள்ளிக்கொண்டு இறங்கினார்கள். போலீஸ்காரர்கள் தடுக்கவில்லை. செங்கமலம் விளிம்பு வரை வந்து நின்றாள்.

“எத்தன பேரு?” என்றாள்.

“தெரியலம்மா. எண்ணணும்.”

“ஒம்போது இருக்கும்” என்றாள் செங்கமலம். அவள் பேசியது அவளுக்கே கேட்காததுபோல இருந்தது. “ஒம்போது பேரு. நடுப்பத்த எங்க பேருக்கு எழுதுங்கன்னு கலெக்டருக்கு மனு குடுக்கப் போனாங்க. எனக்கு அப்ப மூணு வயசு. போனவங்க திரும்பல. பயந்துக்கிட்டு கேரளாவுக்கு ஓடிட்டாங்கன்னு பண்ணை வீட்டுல சொன்னாங்க. போலீஸும் அப்படித்தான் எழுதுச்சு. எங்கப்பா வைரக்கண்ணு அங்க வேற கல்யாணம் பண்ணிக்கிட்டாருன்னு பாத்தவங்களே வந்து சொன்னாங்க.”

அவள் பள்ளத்தைப் பார்த்தபடியே நின்றாள்.

“எங்கம்மா சாகுற வரைக்கும் அவரத் திட்டிக்கிட்டே இருந்துச்சு. நானும் திட்டுனேன். என் கல்யாணத்துக்கு அப்பா பேரு போடாதீங்கன்னு சொன்னேன்.” திடீரென்று மரகதவல்லியின் கையைப் பிடித்தாள். “அப்ப அவரு எங்கயுமே போகலியா? இங்கயேவா இருந்தாரு? நான் இந்த வயல்லதானம்மா நாப்பது வருஷமா நடவு நட்டேன். அவரு தலைக்கு மேலயா நட்டேன்?”

மரகதவல்லி அவளைத் தாங்கிக்கொண்டு அந்த மண்ணிலேயே உட்கார்ந்தாள். 

எலும்புகளை எடுக்க நான்கு நாட்கள் ஆயின. எண்ணியபோது மண்டையோடுகள் பத்து இருந்தன.

நீதிமன்ற உத்தரவின்பேரில் கருவியைத் திறந்தார்கள். மரகதவல்லி முதலில் ஓடக்கரைக்குப் போனாள். செங்கமலத்துக்கு எழுதிக் கொடுத்தது இருந்தது. நிலத்துக்காகக் கொடுத்த எச்சிலை இதற்குப் பயன்படுத்தலாமா என்று ஒவ்வொரு வீட்டிலும் கேட்டாள். காணாமல் போனவர்களின் ஒன்பது குடும்பத்தாரும் சரி என்றார்கள். ஒன்பது பேரும் அடையாளம் தெரிந்தார்கள். வைரக்கண்ணு, அவர் மைத்துனர் தங்கப்பன், மற்ற ஏழு பேர். எல்லோருடைய பின்மண்டையிலும் ஒரே மாதிரி வெட்டு.

பத்தாவது ஆள் ஓடக்கரையில் யாரோடும் ஒத்துப்போகவில்லை. இருபதிலிருந்து இருபத்தைந்து வயது. அந்த ஒருவருடைய காலடியில் மட்டும் தோல் செருப்பின் மிச்சம் இருந்தது.

மரகதவல்லி அந்தச் செருப்புத் துண்டை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு பண்ணை வீட்டுக்குப் போனாள். கூடத்தில் சாம்பசிவம் மட்டும் இருந்தார். மண் அள்ளிய நாளிலிருந்து கோகுல் அப்பாவோடு பேசுவதில்லை என்று ஊரில் சொன்னார்கள்.

“உங்க எச்சிலோட ஒத்துப் பாக்கலாமான்னு கேக்க வந்தேங்கய்யா. வேண்டாம்னு சொல்ல உங்களுக்கு உரிமை இருக்கு.”

“எதுக்கு என்னோடது?”

அவள் செருப்பைப் பற்றிச் சொன்னாள்.  அவர் சாய்வு நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்தார்.

“பாருங்க” என்றார்.

விடை அன்றைக்கே வந்தது. அவள் நேரில் போய்ச் சொன்னாள். இறந்தவர் சாம்பசிவத்தின் அப்பாவுக்கு உடன்பிறந்தவர்.

“ராஜமாணிக்கம் சித்தப்பா” என்றார் சாம்பசிவம். “எனக்கு ஏழு வயசு. தோள்ல தூக்கி வச்சிக்கிட்டுத் திரிவாரு. ஒருநாள் காணோம். மலேசியாவுக்குக் கப்பல் ஏறிட்டாருன்னு அப்பா சொன்னாரு.” அவர் கூடத்தின் நடுவே கைகாட்டினார். “கடுதாசி வரும்மா. ரெண்டு வருஷம் வந்துச்சு. அப்பா இந்தக் கூடத்துல உக்காந்து சத்தமா படிப்பாரு. வீட்டுல எல்லாரும் சுத்தி உக்காந்து கேப்போம். சாம்பு நல்லா படிக்கிறானான்னு ஒவ்வொரு கடுதாசியிலயும் இருக்கும்.”



“அப்பாதான் எழுதிப் படிச்சிருக்காரு” என்றார் அவர். “நான் கேப்பேன்னு தெரிஞ்சி என் பேரையும் போட்டு எழுதியிருக்காரு.”

மனுவை எழுதிக் கொடுத்தது ராஜமாணிக்கம் என்பது செங்கமலம் மூலம் தெரிந்தது. படித்த பிள்ளை ஒருவர் எழுதித் தந்ததாக அவள் அம்மா சொல்லியிருக்கிறாள். யார் என்று சொன்னதில்லை. அவர் எழுதிக் கொடுத்ததோடு நிற்காமல் கூடவே நடந்தும் போயிருக்கிறார். ஊர் எல்லையைத் தாண்டுவதற்குள் பத்துப் பேரையும் பிடித்திருக்கிறார்கள்.

சாம்பசிவம் காவல் நிலையத்துக்குத் தனியாக நடந்து போய், தன் அப்பாவின் பெயரையும் அப்போது பண்ணையில் இருந்த மூன்று ஆட்களின் பெயரையும் எழுதிக் கொடுத்தார். நால்வரும் இறந்துவிட்டதால் வழக்கை முடித்துவிட்டார்கள். ஐந்து மாதம் கழித்து நடுப்பத்து ஓடக்கரைக்குத் தீர்ப்பானது. அதே வாரம், இனி எந்தப் பட்டா நிலத்திலும் ஒப்பீட்டு மண் எடுக்கக் கூடாது என்று அரசாணை வந்தது. மரகதவல்லிக்கு மாற்றல் உத்தரவும் வந்தது. புதிய இடத்தில் சேர்வதற்கு முன் அவள் செய்ய வேண்டிய கடைசி வேலை, ஆய்வுக்கூடத்திலிருந்து எலும்புகளைக் கொண்டுபோய் உரியவர்களிடம் ஒப்படைப்பது.

பத்து மண்பானைகள், சிவப்புத் துணியால் வாய் கட்டி, அடியில் எண் எழுதியிருந்தது. எந்த எண் யாருடையது என்ற பட்டியல் அவள் பையில் இருந்தது.

ஓடக்கரையின் இடுகாடு நத்தவயலுக்கு அப்பால் ஆற்றோரம் இருந்தது. நேர்வழி நத்தவயலின் பெரிய தெரு. அந்தத் தெருவில் ஓடக்கரையின் பிணம் ஒன்றுகூட இதுவரை போனதில்லை. ஓடைக்குள் இறங்கி, மழைக்காலத்தில் இடுப்பளவுத் தண்ணீரில், இரண்டு கல் தொலைவு சுற்றித்தான் கொண்டுபோவார்கள். பண்ணை வீட்டுப் பிணங்கள் பெரிய தெரு வழியாகத்தான் போகும்.

அன்று காலை செங்கமலமும் சாம்பசிவமும் சேர்ந்தே வந்தார்கள். சாம்பசிவம் செருப்பில்லாமல் இருந்தார்.

“எந்தப் பானை யாருதுன்னு எங்களுக்குச் சொல்லாதீங்கம்மா” என்றாள் செங்கமலம். “யாருக்கும் சொல்லாதீங்க.”

“உங்கப்பா எதுன்னு தெரிய வேணாமா? இத்தன வருஷம் கழிச்சு?”

செங்கமலம் பானைகளைப் பார்த்தாள்.  “வேணும்தான். ஆனா தெரிஞ்சா நத்தவயல்காரங்களுக்கும் தெரிஞ்சிடும். அவங்க பானைய மட்டும் உள்ள விட்டுட்டு மத்ததெல்லாம் ஓடை வழியா போங்கன்னுடுவாங்க.”

சாம்பசிவம் தலையாட்டினார். “சித்தப்பா அவங்களோட போனவரு. அவங்களோடயே போகட்டும்.”

மரகதவல்லி பட்டியலைப் பையின் அடியில் தள்ளினாள். பிறகு ஈரத்துணியால் ஒவ்வொரு பானையின் அடியையும் துடைத்தாள்.

பெரிய தெருவின் முனையில் நத்தவயல்காரர்கள் நாற்பது ஐம்பது பேர் குறுக்கே நின்றிருந்தார்கள். கோகுல் முன்னால் நின்றான். பத்துப் பேர் தலையில் பத்துப் பானைகள் வந்தன. ஒன்றை செங்கமலம் சுமந்தாள். ஒன்றை சாம்பசிவம் சுமந்தார்.

“எங்க சின்னத் தாத்தா எது?” என்று கோகுல் அப்பாவிடம் கேட்டான். “நீங்க தூக்கியிருக்கிறதா?”

“எனக்குத் தெரியாதுடா.”

கோகுல் மரகதவல்லியிடம் திரும்பினான். “உங்களுக்குத் தெரியும். நீங்கதான அத்தனையும் படிச்சவங்க. அதுல எங்க ஆளு எதுன்னு சொல்லுங்க. அவர மரியாதையா நாங்க கூட்டிட்டுப் போறோம்.”

அவளுக்குத் தெரியும்; எண்ணைத் துடைத்த பிறகும் எந்தப் பானை யார் தலைக்கு ஏறியது என்று அவள் பார்த்துவைத்திருந்தாள். கருவி சொன்னதை மாற்றிச் சொன்னதில்லை அவள், வேலைக்குச் சேர்ந்த இந்தப் பதினான்கு வருடத்தில் ஒருமுறைகூட. சாம்பசிவத்தின் தலையில் இருந்தது தங்கப்பன். செங்கமலத்தின் தலையில் இருந்தது ராஜமாணிக்கம். வைரக்கண்ணு வரிசையின் கடைசியில் வந்துகொண்டிருந்தார்.

“எல்லாம் ஒரே மாதிரி இருக்குங்க” என்றாள் மரகதவல்லி. “எது யாருதுன்னு எனக்குத் தெரியாது.”

கோகுல் பத்துப் பானைகளையும் ஒவ்வொன்றாகப் பார்த்தான். பின்னால் நின்றவர்களில் வயதான ஒருவர் முதலில் தலைப்பாகையை அவிழ்த்து அக்குளில் இடுக்கிக்கொண்டு ஒதுங்கினார். பிறகு பக்கத்தில் இருந்தவர். கோகுல் கடைசியாக நகர்ந்தான்.

செங்கமலம் தெருவுக்குள் காலை வைத்தாள். அறுபத்திரண்டு வயதில் அந்தத் தெருவின் மறுமுனையை அவள் இதுவரை பார்த்ததில்லை. இரண்டு பக்கமும் வீடுகளைப் பார்த்துக்கொண்டே, அவசரப்படாமல் நடந்தாள்.